செங்கல்பட்டு பி.சி.ஜி. ஆய்வு

செங்கல்பட்டு பி.சி.ஜி. ஆய்வு, காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யின் பயனை அளக்க 1968-ல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய களஆய்வு ஆகும். தடுப்பூசி உண்டாக்கும் நோயெதிர்ப்பு நினைவு நுரையீரலைக் காக்கிறதா என்ற கேள்வியை இதன் முடிவு எழுப்பியது.

பின்னணி: கிண்டி கிங் நிறுவனத்தில் 1948-ல் பி.சி.ஜி. தயாரிப்பு தொடங்கியது. அன்றைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரம் சானடோரியத்தில் மருத்துவர் ஃப்ரிமோட்-மோலர் 1950 முதல் அதன் பலனை ஆராய்ந்தார். 1955-ல் ராஜாஜி இத்தடுப்பூசியைக் கடுமையாக எதிர்த்தார்.

ஆய்வும் முடிவும்: 1968 முதல் 1971 வரை, சென்னைக்கு மேற்கே உள்ள ஊர்களில் சுமார் 2,60,000 பேருக்குத் தடுப்பூசியோ மருந்தற்ற போலி ஊசியோ போடப்பட்டது. தடுப்பூசி பெற்றவர்களின் தோல், காசக்கிருமியின் புரதத்தைத் தோலில் செலுத்திப் பார்க்கும் டியூபர்குலின் சோதனையில் தொடக்கத்தில் நன்றாகத் தடித்தது. அதாவது கிருமியை நினைவில் வைத்திருக்கும் நோயெதிர்ப்புச் செல்களான நினைவு டி செல்கள் உருவாகியிருந்தன. ஆனாலும் ஏழரை ஆண்டுக் கண்காணிப்பில் நுரையீரல் காசநோய்க்கு எதிரான பாதுகாப்பு தென்படவில்லை. 1999-ல் வெளியான 15 ஆண்டு முடிவின்படி பெரியவர்களுக்குப் பயனில்லை. சிறுவர்களுக்குச் சிறிதளவே பயன் இருந்தது. மண்ணிலும் நீரிலும் வாழும் காசக்கிருமியின் உறவினக் கிருமிகள் மக்களின் எதிர்ப்பாற்றலை முன்னரே மாற்றியிருக்கலாம் என்பது பலர் ஏற்கும் விளக்கம்.

பிற்கால விளக்கம்: நினைவு டி செல்கள் உருவாகியும் நுரையீரல் ஏன் காக்கப்படவில்லை என்பதைப் பிற்கால ஆய்வுகள் ஓரளவு விளக்குகின்றன. 1973-ல் அறிவியலாளர் ரால்ஃப் ஸ்டெய்ன்மன் அறிவித்த டென்ட்ரிடிக் செல்கள், கிருமியின் துணுக்குகளை நிணநீர் முடிச்சுகளுக்குக் கொண்டுபோய் டி செல்களைத் தூண்டுகின்றன. அங்கு வெளியாகும் இன்டர்லூக்கின்-12 என்ற சைகைப் புரதம், அவற்றைக் காசநோயை எதிர்க்கும் வகையாக மாற்ற உதவுகிறது. பின்னர் டி.ஜி.எஃப்.-பீட்டா, இன்டர்லூக்கின்-15 போன்ற சைகைகள் நினைவு டி செல்களைத் திசுவிலேயே தங்கவைக்கத் துணைசெய்கின்றன. இன்டர்லூக்கின்-10 அவற்றின் வேகத்தைத் தணிக்கிறது. ரத்தத்துக்குத் திரும்பாமல் திசுவில் தங்கும் இத்தகைய செல்களை 2009-ல் எலிகளின் தோலில் கண்டனர். 2020-ல் ரீசஸ் குரங்குகளுக்கு பி.சி.ஜி.யை ரத்தநாளத்தில் செலுத்தியபோது நுரையீரலில் டி செல்கள் பெருகின; 10 குரங்குகளில் 9 பாதுகாப்புப் பெற்றன. தோலில் போடும் ஊசியால் அந்த அளவு பலன் கிடைக்கவில்லை.

இன்றைய நிலை: சென்னை தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2020-ல் முதியோருக்கு பி.சி.ஜி. போட்டு ஆராய்ந்தபோது, அவர்களின் ரத்தத்தில் நினைவு டி செல்கள் கூடின. குழந்தைகளைத் தாக்கும் காசநோய் மூளைக்காய்ச்சலையும் உடலெங்கும் பரவும் காசநோயையும் தடுப்பதால், இந்தியாவில் பச்சிளம் குழந்தைகளுக்கு பி.சி.ஜி. தொடர்ந்து போடப்படுகிறது.