ஸ்டாஸி: கோப்புகளை வைத்து ஆண்ட கிழக்கு ஜெர்மனி

ஜெர்மன் ஜனநாயகக் குடியரசு என்ற பெயரில் 1949 அக்டோபர் 7 அன்று உருவான கிழக்கு ஜெர்மனியை ஏறக்குறைய 40 ஆண்டுகள் சோஷலிச ஒற்றுமைக் கட்சி ஆண்டது. பெயருக்கு வேறு சில கட்சிகளும் இருந்தன; அவை ஆளும் கட்சி சொன்னதற்குத் தலையாட்டின. பத்திரிகை, வானொலி, நீதிமன்றம், தொழிற்சங்கம், பல்கலைக்கழகம் எல்லாம் கட்சியின் பிடியில் இருந்தன. அந்தப் பிடி தளராமல் பார்த்துக்கொள்ள 1950 பிப்ரவரி 8 அன்று அரசுப் பாதுகாப்பு அமைச்சகம் தொடங்கப்பட்டது. மக்கள் அதைச் சுருக்கமாக ஸ்டாஸி என்றார்கள். 'கட்சியின் கேடயமும் வாளும்' என்பது அது தனக்குச் சூட்டிக்கொண்ட அடைமொழி. உளவு பார்ப்பது, கைது செய்வது, விசாரிப்பது, காவலில் வைப்பது ஆகிய நான்கு வேலைகளும் அந்த ஒரே அமைச்சகத்தின் கையில் இருந்தன.

தொடக்க ஆண்டுகளில் அடக்குமுறை வெளிப்படையாகவே நடந்தது. சோவியத் பாதுகாப்புத் துறை கற்றுக்கொடுத்த முறைகளே ஸ்டாஸிக்கும் வழிகாட்டி. கிழக்கு பெர்லினின் ஹோஹென்ஷோன்ஹவுசன் பகுதியில் சோவியத் படைகள் பயன்படுத்திய நிலவறைச் சிறையை 1951இல் ஸ்டாஸி எடுத்துக்கொண்டது. ஜன்னலே இல்லாத அந்த அறைகளில் தூங்கவிடாமல் வதைத்து வாக்குமூலம் வாங்கினார்கள்.

1953 ஜூன் 17 இந்த அமைப்பின் போக்கையே மாற்றியது. சம்பளத்தை உயர்த்தாமல் வேலை அளவை மட்டும் 10 சதவீதம் கூட்டிய உத்தரவை எதிர்த்து பெர்லின் கட்டடத் தொழிலாளர்கள் முந்தைய நாள் தொடங்கிய வேலைநிறுத்தம், அன்று நாடு முழுவதும் பரவியது. பல லட்சம் பேர் தெருவுக்கு வந்து சுதந்திரத் தேர்தல் கேட்டார்கள். சோவியத் டாங்கிகள் வந்துதான் கிளர்ச்சி அடங்கியது. குறைந்தது 55 பேர் உயிரிழந்தார்கள். இப்படியொரு கொந்தளிப்பு வரப்போவதை ஸ்டாஸி முன்கூட்டியே மோப்பம் பிடிக்கவில்லை என்று அதன் தலைவர் வில்ஹெல்ம் சைசர் பதவி இழந்தார். நடந்த பிறகு அடக்குவதைவிட நடப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது கட்சித் தலைமை அன்று கற்ற பாடம். 1957இல் அமைச்சரான எரிக் மீல்கே 1989 வரை 32 ஆண்டுகள் அந்தப் பாடத்தை நடைமுறைப்படுத்தினார்.

தெரிந்துகொள்வதற்கு முதலில் ஆட்கள் உள்ளே இருக்க வேண்டும். 1949 முதல் 1961 வரை சுமார் 27 லட்சம் பேர் மேற்கே போய்விட்டார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள், படித்தவர்கள், கைத்தொழில் தெரிந்தவர்கள். 1961 ஆகஸ்ட் 13 அதிகாலையில் பெர்லின் நகரின் குறுக்கே முள்கம்பி விரிக்கப்பட்டது. பின்னர் அது சுவராக எழுந்தது. அந்தச் சுவரில் மட்டும் குறைந்தது 140 பேர் இறந்தார்கள். அனுமதியின்றி நாட்டை விட்டுப் போக முயல்வது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வெளியேறும் வழி அடைபட்ட பிறகு, குடிமக்கள் இருக்கும் இடத்தில் இருக்கும் நிலைமையோடு ஒத்துப்போவதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று.

அன்றாடத்தில் கண்காணிப்பு

சிறைக்கம்பியை ஒருமுறைகூடப் பார்க்காதவர்களின் வாழ்க்கையிலும் அரசின் கை இருந்தது. பள்ளியில் முன்னோடிகள் இயக்கம், அதற்கடுத்து சுதந்திர ஜெர்மன் இளைஞர் அமைப்பு என்று பிள்ளைகள் படிப்படியாகச் சேர்க்கப்பட்டார்கள். சேர மறுத்தவருக்கும், பாதிரியார் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கும் மேல்நிலைப் படிப்பும் பல்கலைக்கழக இடமும் கிடைப்பது அரிது. வேலை, வீடு, வெளிநாட்டுப் பயணம் எல்லாவற்றுக்கும் அரசிடமே போய் நிற்க வேண்டியிருந்ததால், அடிக்காமலே தண்டிக்க அதற்கு நூறு வழிகள் இருந்தன.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வீட்டுப் பதிவேடு ஒன்று இருந்தது. அங்கே குடியிருப்பவர்களின் பெயர், தொழில், குடிவந்த நாள் ஆகியவை அதில் இருக்கும். மூன்று நாளுக்கு மேல் தங்கும் விருந்தாளியின் பெயரையும் அதில் எழுத வேண்டும். மேற்கிலிருந்து வந்தவர் என்றால் 24 மணி நேரத்துக்குள் எழுதிவிட வேண்டும். பதிவேட்டை வைத்திருந்தவர் அதே கட்டடத்தில் குடியிருந்த ஒருவர். காவலர் கேட்கும்போது எடுத்துக் காட்டுவது அவர் பொறுப்பு.

தேர்தலும் ஒருவகைக் கண்காணிப்பாகவே நடந்தது. வேட்பாளர் பட்டியல் ஒன்றே ஒன்று. வாக்காளர் சீட்டை வாங்கி, எதையும் குறிக்காமல் மடித்து, எல்லோர் கண்ணெதிரே பெட்டியில் போட வேண்டும். மறைப்பறை ஓரமாக இருந்தது. அதற்குள் போனவரின் பெயர் குறித்துக்கொள்ளப்பட்டது. வாக்குச்சாவடிக்கு வராதவர் வீட்டுக்கு மாலையில் ஆள் வந்து நினைவூட்டும். ஆதரவு 99 சதவீதத்தை ஒட்டி வந்ததற்கு இந்த ஏற்பாடும் எண்ணிக்கையில் நடந்த தில்லுமுல்லும் காரணம்.

தகவலாளிகளும் கோப்புகளும்

1989இல் ஸ்டாஸியில் சம்பளம் வாங்கியவர்கள் சுமார் 91,000 பேர். நாட்டின் மக்கள்தொகையோ 1.6 கோடியைச் சற்றே தாண்டும். இவர்களுக்கு வெளியே, 'அதிகாரப்பூர்வமற்ற பணியாளர்' என்று பதிவான ரகசியத் தகவலாளிகள் ஏறத்தாழ 1,70,000 முதல் 1,90,000 பேர் வரை இருந்தார்கள். அலுவலகத் தோழர், மருத்துவர், ஆசிரியர், பாதிரியார், கவிஞர் என எல்லாத் தரப்பிலும் அவர்கள் இருந்தார்கள்.

ஒருவரைத் தகவலாளியாக்குவது நிதானமாக நடக்கும் வேலை. முதலில் அவருக்குத் தெரியாமலே அவரைப் பற்றி விசாரிப்பார்கள். பிறகு பேச்சு, இறுதியில் தன் கைப்பட ஓர் உறுதிமொழி எழுதி, தானே ஒரு புனைபெயர் தேர்ந்தெடுப்பார். சாதாரணக் குடும்பம் ஒன்றின் வீட்டில் ஸ்டாஸி ஏற்பாடு செய்துகொண்ட அறையில் அதிகாரியைச் சந்திப்பார். எழுதிக் கொடுக்கும் அறிக்கையின் கீழே புனைபெயரே இருக்கும். மிரட்டலுக்குப் பணிந்தவர்கள் உண்டு. பதவி உயர்வையோ சிறு பணத்தையோ எதிர்பார்த்தவர்களும் உண்டு. ஆனால் கொள்கைப் பற்றால் ஒப்புக்கொண்டவர்களே அதிகம் என்று ஸ்டாஸியின் சொந்த ஆவணங்கள் காட்டுகின்றன. யார் தகவலாளி என்று யாருக்கும் தெரியாது என்பதே இந்த வலையின் பலம். தகவலாளி இல்லாத மேசையிலும் மக்கள் வாயை அளந்து பேசினார்கள்.

வந்த தகவலெல்லாம் பெர்லினின் நோர்மன்னன் தெரு தலைமையகத்திலும் மாவட்ட அலுவலகங்களிலும் கோப்புகளாகக் குவிந்தது. பெயர் அட்டை ஒரு பெட்டியில், கோப்பின் பதிவெண் அட்டை வேறு பெட்டியில் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் எந்தக் கோப்பு யாருடையது என்று ஊழியருக்கே தெரியாது. தபால் நிலையங்களில் தனிப் பிரிவு கடிதங்களை நீராவி காட்டித் திறந்து, படித்து, நகலெடுத்து, மறுபடி ஒட்டி அனுப்பியது. சந்தேகத்துக்குரியவர் உட்கார்ந்த நாற்காலியில் ஒரு துணியை வைத்து, உடல் வாசனை ஏறியதும் கண்ணாடிச் சீசாவில் மூடி வைப்பார்கள். துண்டறிக்கை எங்காவது கிடைத்தால், அதைத் தொட்டவர் யார் என்று மோப்ப நாயைக் கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அந்த ஏற்பாடு.

ஓசையில்லாத தண்டனை

1970களில் முறை மாறியது. 1973இல் கிழக்கு ஜெர்மனி ஐ.நா. உறுப்பினரானது, 1975இல் மனித உரிமைகளை ஒப்புக்கொள்ளும் ஹெல்சிங்கி உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. மேற்கு ஜெர்மனியின் கடனும் வணிகமும் அதற்குத் தேவைப்பட்டன. கைதுகள் உலகச் செய்தியானால் நஷ்டம். பாடகர் வோல்ப் பீர்மன் 1976 நவம்பரில் மேற்கில் கச்சேரிக்குப் போயிருந்தபோது அவருடைய குடியுரிமையைப் பறித்ததற்கு உள்நாட்டு எழுத்தாளர்களும் கலைஞர்களும் பகிரங்கமாக எதிர்ப்புத் தெரிவித்தது, வெளிப்படையான தண்டனை எவ்வளவு செலவு வைக்கும் என்று காட்டியது.

அதே ஆண்டு ஜனவரியில் வந்த 1/76 என்ற உத்தரவு மாற்று வழியை வகுத்திருந்தது. எதிர்ப்பாளரைச் சிறையில் அடைக்காமல் அவருடைய நம்பிக்கையையும் உறவுகளையும் உள்ளிருந்தே சிதைப்பது அதன் நோக்கம். அவரே தகவலாளி என்று நண்பர்களிடையே வதந்தி கிளப்புவார்கள். மனைவிக்குக் கள்ள உறவு பற்றி மொட்டைக் கடிதம் போகும். வேலையில் காரணமே தெரியாமல் தோல்வி மேல் தோல்வி வரும். சிலருடைய வீட்டில் ஆளில்லாதபோது புகுந்து சுவர்ப் படத்தை இடம் மாற்றிவிட்டுப் போனார்கள். பாதிக்கப்பட்டவர் புகார் சொன்னால் புத்தி பேதலித்தவர் என்று பெயர் வாங்குவார். காயமோ சாட்சியோ மிஞ்சாது.

சிறையும் தொடர்ந்தது, அது வருமானமாகவும் ஆனது. 1960களின் தொடக்கம் முதல் 1989 வரை சுமார் 33,000 அரசியல் கைதிகளை மேற்கு ஜெர்மனி பணமும் பொருளும் கொடுத்து மீட்டது; மொத்த மதிப்பு 300 கோடி மார்க்கைத் தாண்டும்.

சரிவும் ஆவணத் திறப்பும்

மக்களின் அதிருப்தி வளர்வதை 1989இல் ஸ்டாஸி நன்றாகவே அறிந்திருந்தது. அதன் அறிக்கைகள் கடைகளில் பொருள் இல்லாததையும், கட்சி உறுப்பினர்களே சலித்துப்போனதையும் மேலிடத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தன. அறிந்ததைக் கொண்டு கொள்கையை மாற்ற கட்சி தயாராக இல்லை. மே 7 உள்ளாட்சித் தேர்தலில் எதிர்ப்பாளர்கள் சாவடிகளில் நின்று வாக்குகளைத் தாங்களே எண்ணி, 98.85 சதவீதம் என்ற அறிவிப்பு பொய் என்று அம்பலப்படுத்தினார்கள். செப்டம்பரில் ஹங்கேரி தன் ஆஸ்திரிய எல்லையைத் திறந்ததும் ஆயிரக்கணக்கானோர் அவ்வழியே வெளியேறினார்கள். 1953இல் வந்த சோவியத் டாங்கிகள், சோவியத் தலைவர் கோர்பச்சேவ் காலத்தில் வரவில்லை. அக்டோபர் 9 அன்று லைப்சிக்கில் சுமார் 70,000 பேர் ஊர்வலம் போனார்கள், படைகள் சுடவில்லை. நவம்பர் 9 இரவு சுவர் திறந்தது. மூடிய எல்லை, சோவியத் படை என்ற இரண்டு தூண்களும் போன பிறகு கோப்புகளால் ஆட்சியைத் தாங்க முடியவில்லை.

அலுவலகங்களில் ஆவணங்கள் அழிக்கப்படுவதை அறிந்த குடிமக்கள் டிசம்பர் 4 அன்று எர்பர்ட்டிலும், 1990 ஜனவரி 15 அன்று பெர்லின் தலைமையகத்திலும் நுழைந்தார்கள். இயந்திரங்கள் பழுதானதால் கையால் கிழித்த காகிதம் மட்டும் 15,000 மூட்டைகளுக்கு மேல் எஞ்சியது. அவற்றை ஒட்டிச் சேர்க்கும் வேலை 1995இல் தொடங்கியது. அழியாமல் தப்பிய கோப்புகளை வரிசையாக அடுக்கினால் 111 கிலோமீட்டர் நீளும்.

1991 இறுதியில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 1992 ஜனவரி முதல் ஒவ்வொருவரும் தம்மைப் பற்றிய கோப்பைப் படிக்கலாம் என்று ஆனது. மனித உரிமைப் போராளியும் நாடாளுமன்ற உறுப்பினருமான வேரா வோலன்பெர்கர், தம்மைப் பற்றித் தகவல் கொடுத்துவந்தவர் தம் கணவரே என்று அறிந்தது இந்தக் கோப்புகள் வழியாகத்தான். தகவலாளிகளாக இருந்தவர்கள் பலர் அரசுப் பணிகளை இழந்தார்கள். ஆனால் ஸ்டாஸி அதிகாரிகளில் சிறைக்குப் போனவர்கள் மிகச் சிலரே. ஒரு சர்வாதிகாரத்தின் ரகசிய ஆவணங்களை இவ்வளவு விரிவாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கே திறந்துவிட்ட முதல் நாடு ஜெர்மனி. 2021 ஜூன் முதல் அவை கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் உள்ளன.