நாலா அல்ல, ஆறு

எங்க ஜனக்புரி பக்கம் மூக்கைப் பொத்திக்கிட்டுத் தாண்டுவோமே நஜஃப்கட் நாலா, அது ஆறுங்க! ஆரவல்லி மலையில பிறந்த சாஹிபி ஆறு, மழைக்காலத்துல நஜஃப்கட் ஏரியில வந்து தேங்கும். 1860கள்ல வெள்ளைக்காரன் அதை யமுனைக்கு வடிக்கக் கால்வாய் வெட்டினான். பயிர் வைக்க நிலம் கிடைச்சுது, ஏரி சுருங்கிச்சு. அப்புறம் ஊர் பெருத்து, வடிகால் சாக்கடையாச்சு. டெல்லி யமுனையில கொட்டுற அழுக்குல பெரும்பங்கு இன்னைக்கு இது வழியாத்தான் போகுது.

வெட்டத் தெரிஞ்ச பொறியியல் அன்னைக்கே இருந்துச்சு. கங்கைக் கால்வாய்க்கு ஆள் வேணும்னுதான் 1847ல ரூர்க்கி கல்லூரியே தொடங்கினாங்க. (நம்ம கிண்டி 1794லயே நில அளவைப் பள்ளி, அது தனிப் பெருமை!) தண்ணியையும் வானத்தையும் ஆராயற படிப்புதான் லேட்டு: ரூர்க்கியில நீரியல் 1972ல, டெல்லி ஐஐடியில வளிமண்டல அறிவியல் மையம் 1979ல.

எம்.டெக் முடிக்கப்போற என் பொண்ணுகிட்ட இதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். முனைவர் பட்டம்னா சொந்தக்காரங்க உடனே அமெரிக்காங்கறாங்க. போகட்டும், தப்பில்லை. ஆனா 2023லேர்ந்து ஜேஆர்எஃப் உதவித்தொகை மாசம் 37,000 ரூபாய். ஜனக்புரி வெஸ்ட்ல மெஜந்தா லைன் ஏறினா வண்டி மாறாம ஐஐடி. ஆராய்ச்சிக்கு ஆறு? வீட்டுப் பக்கத்துலயே ஓடுது. அவ இன்னும் பதில் சொல்லலை.