செலரான் 300ஏ: மலிவுச் சில்லின் கதை

சிக்கனமாய் விளையாட்டுக் கணிப்பொறி பூட்ட முனையும் நாம், நுண்செயலியின் விலையையே அதன் ஆற்றலென நம்பிவிடுகிறோம். அந்நம்பிக்கை பொய்த்த வரலாறு ஒன்றுண்டு.

1998 ஆகஸ்டில் இன்டெல் இரண்டு செயலிகளை வெளியிட்டது: 149 டாலருக்குச் செலரான் 300ஏ, 669 டாலருக்கு 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2. நான்கு மாதம் முன்பு வந்த முதல் செலரானில் இரண்டாம் நிலைக் கேஷ் நினைவகமே இல்லை; விளையாட்டாளர்கள் எள்ளினர். அக்குறையை நீக்க, 300ஏயில் 128 கிலோபைட் கேஷ் சில்லினுள்ளேயே அமைந்தது. பென்டியத்தில் 512 கிலோபைட் இருந்தும், அது சில்லுக்கு வெளியே பாதி வேகத்தில்தான் ஓடியது; செலரானில் முழு வேகம்.

300 என்பது 66 மெகாஹெர்ட்ஸ் பாட்டை வேகத்தின் நாலரை மடங்கு. மடங்கைப் பூட்டிய இன்டெல் பாட்டையைப் பூட்டவில்லை. அபிட் பிஎச்6 போன்ற தாய்ப்பலகையில் பாட்டை வேகத்தை 100 ஆக்கினால் செயலியின் வேகம் 450! எல்லாச் சில்லும் தாங்கவில்லை, உத்தரவாதமும் பறிபோனது. தாங்கியோர்க்கோ, மிஞ்சிய பணத்தில் வூடூ2 முப்பரிமாண அட்டையே கிட்டியது.

2011இல் சாண்டி பிரிட்ஜ் செயலிகள் அவ்வழியை ஏறக்குறைய அடைத்தன. மடங்கு பூட்டப்படாத சில்லுக்குக் கூடுதல் விலை வைக்கப்பட்டது. எளியோர் கண்ட உபாயம் இவ்வாறு விலைப்பொருளாயிற்று. எனினும், விலைச்சீட்டுக்கு முன் உள்ளமைப்பைப் படிக்கும் பழக்கத்தை அவர்களிடமிருந்து நாம் இன்றும் கற்கலாம்.