ஆண்டின் முதல் வண்ணத்துப்பூச்சி: இங்கிலாந்தின் நாட்டு வழக்கும் மார்ஷம் குறிப்பேடும்

குளிர்நாட்டு மக்கட்கு இளவேனிலின் வரவு உயிர்வாழ்க்கையோடு ஒட்டியதொரு செய்தியாகும். ஆதலின் அவ்வரவை அறிவிக்கும் புள்ளும் பூவும் பூச்சியும் ஆங்கு நிமித்தங்களாகக் கொள்ளப்பட்டன. இங்கிலாந்தில் ஆண்டின் முதற்கண் காணப்படும் வண்ணத்துப்பூச்சியும் அத்தகையதே. அது வெண்ணிறத்ததாயின் கண்டவர் அவ்வாண்டு முழுதும் வெள்ளை ரொட்டி உண்பர் என்றும், பழுப்பு நிறத்ததாயின் பழுப்பு ரொட்டியே கிட்டும் என்றும் நாட்டுப்புறத்தார் நம்பினர். தவிடு நீக்கிய வெண்மாவு பெரிதும் செல்வர்க்கே உரியதாயிருந்த காலத்து எண்ணம் இதனுள் அமைந்துள்ளது. எளிய மக்கள் பூச்சியின் நிறத்தில் தம் உணவின் நிறத்தைக் கண்டனர்.

இந்நம்பிக்கையை இயற்கையோடு ஒப்பிட்டு நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாம். பழுப்பும் செம்மையும் கலந்த சிறகுடைய பூச்சிகளுட் சில, முழு வளர்ச்சியுற்ற நிலையிலேயே பனிக்காலத்தை உறங்கிக் கழிப்பன. ஆதலின் வெயில் சற்றே உறைக்கும் பிப்ரவரி, மார்ச்சுத் திங்கள்களிலேயே வெளிப்படுவன. வெண்ணிறப் பூச்சிகளோ கூட்டுப்புழுவாகக் குளிரைக் கழித்துப் பெரும்பாலும் ஏப்ரல் அளவிலேயே சிறகு பெறுவன. எனவே, முந்திக் கண்டவர்க்குத் தீநிமித்தமும் பிந்திக் கண்டவர்க்கு நன்னிமித்தமும் வாய்க்கும் நிலை இவ்வழக்கில் உளதாயிற்று.

உறங்கி எழும் இனங்களுள் பலரும் அறிந்தது பிரிம்ஸ்டோன் எனப்படும் கந்தகப் பூச்சி. ஐவி முதலிய பசுமை மாறாக் கொடி செடிகளின் இலைகளிடையே, தானும் ஓர் இலையேபோல் அது குளிர்காலம் முழுதும் தங்கும். ஆண்பூச்சி கந்தக மஞ்சள் நிறத்தது. பெண்பூச்சி பசுமை தோய்ந்த வெண்ணிறத்தது.

இம்மஞ்சட் பூச்சியை வரலாற்றிற்கு உரியதாக்கியவர் நார்ஃபோக்கு நிலக்கிழார் இராபர்ட் மார்ஷம் (1708–1797) ஆவர். அவர் 1736-ஆம் ஆண்டு முதல் இளவேனிலின் அறிகுறிகளை நாள் தவறாது குறிக்கலானார். மரங்கள் தளிர்த்தல், குயில் கூவுதல், தகைவிலான் வருதல் என்பனவற்றோடு மஞ்சள் வண்ணத்துப்பூச்சி தோன்றுதலும் அவர்தம் பட்டியலில் இடம்பெற்றது. அக்குறிப்புகளை இலண்டன் அரசக் கழகத்தின் ஆய்விதழ் 1789-இல் வெளியிட்டது. அவர் மறைந்த பின்னரும் அவர் குடும்பத்தார் 1958 வரை அப்பணியைத் தொடர்ந்தனர். நாட்டார் நிறத்தை வினவினர். மார்ஷம் தோன்றிய நாள் எதுவென வினவினார். முதல் தோற்றத்தை எதிர்நோக்கும் ஆர்வம் இருவர்க்கும் ஒன்றே.

1976-இல் பிரித்தானியாவில் தொடங்கப்பெற்ற வண்ணத்துப்பூச்சிக் கணக்கெடுப்பினால், பல இனங்கள் முன்னையினும் முற்பட்டுத் தோன்றுகின்றமை தெரிய வந்துள்ளது. வெப்பநிலை உயர்ந்து வருதலே இதற்குத் தலையாய காரணம் என்பர் ஆய்வாளர். நிமித்தம் எனக் கொள்ளப்பட்ட பூச்சி இன்று மெய்யாகவே வருவது உரைக்கின்றது. அதனை நாம் படித்தறிய முடிவது, பயன் கருதாது நாளினைக் குறித்து வைத்த முன்னோராலேயாம்.