தென்னை வரியும் நாய் வரியும்: இலங்கையின் இரு வரிக் கிளர்ச்சிகளில் மொழியாளர் நிலை

1. முன்னுரை

கொல்கத்தாவின் துறைமுகப் பகுதியான கிடர்பூரின் பெயருக்கு இரு விளக்கங்கள் வழங்குகின்றன. வங்காளிகள் அதனைக் கிதிர்பூர் என்பர். நீர்வழிச் செல்வோரின் காவலராகக் கருதப்படும் கிதிர் என்னும் இசுலாமியப் பெரியாரின் பெயரை அதில் காண்போர் உளர். அங்குக் கப்பல் கட்டிய கிட் என்னும் குடும்பத்தின் பெயராக அதனைக் கொள்வோரும் உளர். ஓர் ஊர்ப்பெயரை ஆள்வோர் ஒருவாறும் அங்கு வாழ்வோர் வேறொருவாறும் கேட்பதனால் பெருந்தீங்கு விளைவதில்லை. ஒரு வரியின் பெயர் அவ்வாறு இருவேறாகக் கேட்கப்படும்போது நிலைமை வேறாகிறது.

கிடர்பூருக்கு அண்மையிலுள்ள வில்லியம் கோட்டையே கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சியின் தலைமையிடமாக விளங்கியது. 1784ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னை ஆளுநர் கல்கத்தாவிலிருந்த தலைமை ஆளுநரின் மேற்பார்வைக்கு உட்பட்டவர். 1796இல் டச்சுக்காரரிடமிருந்து கைப்பற்றப்பட்ட இலங்கையின் கரையோரப் பகுதிகள் சென்னை ஆட்சியோடு இணைக்கப்பட்டபோது, கொழும்பில் ஒரு தென்னைக்கு விதிக்கப்படும் வரியும் கல்கத்தா வரை நீளும் இவ்வதிகாரச் சங்கிலிக்குள் அடங்கியது. அவ்வரியைக் குடிகளிடம் எடுத்துச் சொன்னவரும் தண்டியவரும் தமிழகத்திலிருந்து சென்றவர்கள். ஆதலின் இவ்வரலாறு தமிழ் மொழிபெயர்ப்பு வரலாற்றின் ஒரு பகுதியும் ஆகும்.

1797, 1848 ஆகிய ஆண்டுகளில் இலங்கையில் எழுந்த இரு வரிக் கிளர்ச்சிகளை மொழியாளரின் நிலையிலிருந்து இக்கட்டுரை நோக்குகிறது. இரண்டிலும் குடிகளின் மனக்குறை வரியின் நேர்மை பற்றியதாக இருந்தது. ஆட்சியாளரோ அக்குறையை மொழியாளர் மீது ஏற்றினர் என்பது இதன்கண் முன்வைக்கப்படும் கருத்தாகும்.

2. கும்பினி ஆட்சியும் துபாசிகளும்

கரையோரப் பகுதிகளின் வருவாய் நிருவாகம் சென்னை அலுவலரான இராபர்ட் ஆண்ட்ரூஸ் என்பாரிடம் ஒப்படைக்கப்பெற்றது. டச்சுக்காரர் காலத்தில் நிலத்தை அனுபவித்தவர் அதற்கு ஈடாக அரசுக்கு ஊழியம் செய்தனர். கோறளைகளின் தலைமை முதலியார்களிடம் இருந்தது. அவர்களுக்குச் சம்பளத்திற்குப் பதிலாக நிலம் விடப்பட்டிருந்தது. ஆண்ட்ரூஸ் இம்முறையை நீக்கினார். ஊழியத்திற்குப் பதிலாக வரி வந்தது. தென்னைமரங்களை எண்ணி வரி விதிக்கப்பட்டது. முதலியார்களின் இடத்தில் தமிழகத்து அமில்தார்களும் அவர்தம் துபாசிகளும் அமர்த்தப்பட்டனர்.

ஏட்டளவில் இதனைச் சீர்திருத்தம் எனலாம். கட்டாய ஊழியம் நீங்கியது, கணக்கு எளிதாயிற்று. ஆனால், தென்னை கரையோரக் குடியானவனுக்கு உணவும் கூரையும் கயிறும் எண்ணெயுமாக இருந்தது. அதன் பயன் முழுவதும் சந்தைக்குச் சென்று காசாக மாறுவதில்லை. வீட்டுத் தேவைக்கு நிற்கும் மரத்திற்கும் காசாகவே வரி கேட்டபோது, இல்லாத காசைத் தேடும் நிலை அவனுக்கு ஏற்பட்டது. முதலியாரோ பதவியையும் நிலத்தையும் ஒருசேர இழந்தார். குடியானவனின் குறையும் தலைவனின் குறையும் ஒன்றுகூடின. 1797இல் கிளர்ச்சி வெடித்தது.

இங்கு மூன்று சொற்கள் நோக்கத்தக்கன. ‘துபாசி’ என்பது இருமொழி அறிந்தோனைக் குறிக்கும் வடசொல்லின் திரிபு. கும்பினி ஆட்சியில் அவர் மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் கடன் கொடுப்போராகவும் ஒருங்கே விளங்கினார். புதுச்சேரியில் ஆனந்தரங்கம் பிள்ளை வகித்த நிலையை நினைவுகூர்ந்தால் இது விளங்கும். ‘அமில்தார்’ என்பது அரபு, பாரசீகக் கூறுகளால் ஆகி, முகலாய வருவாய்த் துறையின் வழியே தமிழகத்திற்கு வந்த சொல். ‘முதலியார்’ என்பது தமிழகத்தில் குலப்பட்டமாக வழங்க, இலங்கையில் அரசுப் பதவியின் பெயராயிற்று. மகாமுதலியார் ஆளுநரின் தலைமை மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தார். எனவே 1796இல் நிகழ்ந்ததை அலுவலர் மாற்றம் என்று மட்டும் கொள்ளுதல் போதாது. ஊரறிந்த மொழியாளர் நீக்கப்பட்டு, ஊரறியாத மொழியாளர் அமர்த்தப்பட்டார். வரி எதற்கு, எவருக்கு, எத்தனை காலத்திற்கு என்று குடியானவன் கேட்கக்கூடிய ஒரே ஆள், அவ்வரியைத் தண்டும் ஆளாகவும் இருந்தார்.

அக்கால ஆங்கிலேயர் தமிழரை ‘மலபார்’ என்னும் பெயரால் குறித்தனர். வந்தவர்களின் பேராசையே கிளர்ச்சிக்குக் காரணம் என்னும் கருத்து ஆட்சியாளரிடையே எளிதில் வேரூன்றியது. அவர்களுள் குற்றமற்றோர் அனைவரும் என்று வாதிட இடமில்லை. எனினும் வரியை விதித்தவர் அமில்தார் அல்லர். மரத்தை எண்ணும் முறையை வகுத்தவரும், ஊழிய முறையை ஒரே வீச்சில் நீக்கியவரும், முதலியாரை விலக்கியவரும் மேலிடத்தில் இருந்தனர்.

கிளர்ச்சியை ஆராயச் சென்னை அரசு 1797இல் குழுவொன்றை அமைத்தது. தளபதி தெ மெரோன் அதன் தலைவர். குழு சொல்லளவில் நில்லாது வரியையே ஆராய்ந்தது. தென்னை வரி கைவிடப்பட்டது. முதலியார்கள் மீண்டும் அமர்த்தப்பட்டனர். அமில்தார் முறை நீங்கியது. 1798இல் பிரெடரிக் நோர்த் ஆளுநராக வந்தார். 1802இல் இலங்கை கும்பினியிடமிருந்து பிரிந்து முடியாட்சிக்கு நேரடியாக உட்பட்ட குடியேற்ற நாடாயிற்று. ஒரு வரியின் பிழை ஓர் ஆட்சி அமைப்பையே மாற்றத் துணை செய்தது எனலாம்.

3. சொல்லும் சுமையும்

வரிச்சொற்களை மொழிபெயர்ப்போர்க்கு இக்காலம் சில எச்சரிக்கைகளை வழங்குகிறது. நோர்த் காலத்தில், 1800இல், அணிகலன் மீது ஒரு வரி விதிக்கப்பட்டது. ஆங்கில ஆவணங்களில் அது ‘ஜாய்’ வரி எனப்படுகிறது. இதனை மகிழ்ச்சி வரி என்று பெயர்ப்பவர் தவறுவார். அணிகலனைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லே கும்பினி ஆங்கிலத்தில் இவ்வடிவம் பெற்றது. ‘நகை’ என்னும் தமிழ்ச்சொல் சிரிப்பையும் அணிகலனையும் ஒருங்கே குறிப்பதால் இப்பிழை தமிழில் தற்செயலாக மறைந்துபோகக் கூடும். பிற மொழிகளில் அவ்வாய்ப்பு இல்லை.

‘ஊழியம்’ என்பது இன்னொரு சொல். டச்சுக்காரர் இத்தமிழ்ச்சொல்லையே கடன்வாங்கி, சோனகரும் செட்டிகளும் செய்யவேண்டிய கட்டாயப் பணிக்குப் பெயராக்கினர். அதே சொல் கிறித்தவத் தமிழில் இறைப்பணியைக் குறிக்கும் உயர்சொல்லாயிற்று. சிங்களத்தில் வழங்கும் ‘ராஜகாரிய’ என்பதற்கு அரசனின் பணி என்பது நேர்ப்பொருள். அச்சொல்லில் கடமை உண்டு. கடமைக்கு ஈடாகப் பெற்ற நிலமும் உண்டு. சோழர் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ எனப்படும் கூலியில்லாப் பணியை இதனோடு ஒப்பிடலாம். அச்சொல் இன்று ‘வெட்டி வேலை’ என்னும் தொடரில் பயனற்றது என்னும் பொருளில் நிற்கிறது. பெற்றது எதுவுமின்றிச் செய்த பணியைப் பயனற்ற பணியென மக்கள் வழக்குத் தீர்ப்பளித்திருப்பது போலத் தோன்றுகிறது.

இவ்வேறுபாடு 1848ஐப் புரிந்துகொள்ள இன்றியமையாதது. 1832இல் ராஜகாரிய முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. பதினாறு ஆண்டுகளில் அது வேறு பெயரில் திரும்பி வந்ததாக மக்கள் கருதினர்.

4. 1848ஆம் ஆண்டு வரிகள்

1847இல் டொரிங்டன் பிரபு ஆளுநராக வந்தார். ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் குடியேற்றச் செயலாளர். அக்காலத்தில் காப்பித் தொழில் பெருஞ்சரிவைக் கண்டது, கருவூலம் வறண்டது. தோட்ட முதலாளிகளுக்கு ஆறுதலாகக் காப்பியின் ஏற்றுமதி வரி நீக்கப்பட்டது. இழப்பை ஈடுசெய்யப் புதிய நேர்வரிகள் வந்தன. துவக்கு ஒன்றுக்கு ஆண்டுதோறும் இரண்டரை ஷில்லிங் உரிமக் கட்டணம். நாய் ஒன்றுக்கு ஒரு ஷில்லிங். கடை ஒன்றுக்கு ஒரு பவுண். இவற்றோடு தெருச் சட்டமும் வந்தது. அதன்படி ஆண்மக்கள் ஆண்டுக்கு ஆறு நாள் தெருப்பணி செய்ய வேண்டும். அன்றேல் அதற்கு ஈடாகப் பணம் செலுத்த வேண்டும்.

ஒவ்வொன்றையும் தனித்து நோக்கினால் சிறு தொகையே எனத் தோன்றும். கண்டி நாட்டுக் குடியானவனின் வாழ்க்கையில் வைத்து நோக்கினால் பொருள் மாறுகிறது. துவக்கு அவன் சேனைப்பயிரைக் காட்டுவிலங்குகளிடமிருந்து காத்தது. நாய் அவன் வாயிலைக் காத்தது. பிச்சை ஏற்று வாழும் பௌத்த பிக்குகளும் தெருச் சட்டத்திற்கு உட்பட நேர்ந்தது. அவர்கள் கையில் காசு வைத்திருப்பதே துறவு நெறிக்கு மாறானது. பின்னர் அவர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. மேலும், தெருக்கள் முதன்மையாகத் தோட்டங்களின் காப்பியைக் கொழும்புக்குக் கொண்டுசெல்லப் பயன்பட்டன. சுமை நீங்கியவர் ஒருவர். சுமை ஏற்றவர் மற்றொருவர். பயன் பெற்றவரும் முதலாமவரே. இக்கணக்கை விளங்கிக்கொள்ள எழுத்தறிவு தேவையில்லை.

இதனை எடுத்துரைக்கவும் அவர்களுக்கு இடமில்லை. 1833இல் அமைந்த சட்டநிரூபண சபையில் அரசு அலுவலரல்லாத உறுப்பினரும் ஆளுநரால் நியமிக்கப்பட்டவர்களே. கண்டிச் சிங்களருக்கெனத் தனி உறுப்பினர் 1889 வரை இல்லை. வரியைப் பெறுவோரிடம் வரி கொடுப்போரின் சொல் சென்று சேரும் வழி அடைபட்டிருந்தது.

ஜூலைத் தொடக்கத்தில் கண்டியில் மக்கள் திரண்டனர். ஜூலை 28இல் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா அரசராக முடிசூட்டப்பட்டார். மறுநாள் புரன் அப்பு தலைமையில் மாத்தளை தாக்கப்பட்டது. அரசு படைத்துறைச் சட்டத்தை அறிவித்தது. ஆகஸ்ட் 8இல் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். படைத்துறை நீதிமன்றங்களின் தீர்ப்பால் உயிரிழந்தோர் 18 பேர். அவர்களுள் பிக்கு ஒருவரும் உண்டு. அவர் காவியுடையிலேயே சுடப்பட்டது இன்றளவும் நினைவில் நிற்கிறது. அரசுப் படையினருள் ஒருவரும் உயிரிழக்கவில்லை என்பதை இதனோடு சேர்த்து நோக்க வேண்டும்.

5. ஒரு மடலும் அதன் மொழிபெயர்ப்பும்

கிளர்ச்சிக்கு முன்னர், ஜூலை 3இல், ‘கொழும்பு ஒப்சேவர்’ இதழில் ‘ஓர் ஆங்கிலேயன்’ என்னும் புனைபெயரில் மடலொன்று வெளிவந்தது. எழுதியவர் அவ்விதழின் ஆசிரியரும் மருத்துவருமான கிறிஸ்டோபர் எலியட். பேராளர் இல்லாத மக்களிடம் வரி கேட்பது முறையன்று என்பது அவர் வாதம். அவ்வாண்டு பிப்ரவரியில் பிரான்சில் மன்னராட்சி வீழ்ந்ததையும் அவர் சுட்டினார். மடல் சிங்களத்தில் பெயர்க்கப்பட்டு மக்களிடையே பரவியது.

டொரிங்டன் இம்மொழிபெயர்ப்பையே கிளர்ச்சியின் முதன்மையான தூண்டுதல்களுள் ஒன்றாகக் கொண்டார். ஆங்கிலத்தில் இருந்தவரை அக்கருத்து ஆட்சியாளருக்குப் பொறுக்கக்கூடிய இதழியல் விவாதம்; சிங்களத்தில் சென்றதும் அது கலகத்திற்கான தூண்டுதல். கருத்து மாறவில்லை, படிப்போர் மாறினர். மொழிபெயர்ப்பின் ஆற்றலுக்கு ஆட்சியாளர் அளித்த மறைமுகமான சான்றாக இதனைக் கொள்ளலாம்.

ஆயினும் இவ்விளக்கம் ஏற்கத்தக்கதன்று. மடல் இல்லாதிருந்தாலும் நாய்க்கு ஒரு ஷில்லிங் கேட்கப்பட்டிருக்கும். காப்பிக்கு ஏற்றுமதி வரி நீங்கியிருக்கும். ‘மக்கள் தவறாகப் புரிந்துகொண்டனர்’, ‘தவறாகத் தூண்டப்பட்டனர்’ என்னும் இரு வாய்பாடுகளும் ஒரே பணியைச் செய்கின்றன: முறையீட்டின் பொருளிலிருந்து கவனத்தை அதன் மொழிக்குத் திருப்புகின்றன. 1797இல் துபாசி நின்ற இடத்தில் 1848இல் மடலின் மொழிபெயர்ப்பு நிறுத்தப்பட்டது.

பிரித்தானியப் பாராளுமன்றம் 1849இல் விசாரணைக் குழுவை அமைத்தது. 1850இல் டொரிங்டன் பதவி விலக நேர்ந்தது. டெனன்டும் இலங்கையை விட்டு அகற்றப்பட்டார். நாய் வரி, கடை வரி போன்றவை கைவிடப்பட்டன. தெருச் சட்டம் மட்டும் நிலைத்தது.

6. முடிவுரை

இரு கிளர்ச்சிகளுக்கும் இடையே அரை நூற்றாண்டு உள்ளது. முதலாவதில் தமிழ் மொழியாளர் ஆட்சியின் கருவியாக நின்றார். இரண்டாவதில் சிங்கள மொழிபெயர்ப்பு ஆட்சிக்கு எதிரான குரலைச் சுமந்தது. பழி மட்டும் இருமுறையும் மொழியின் மீதே விழுந்தது. முதன்முறை அமைந்த குழு, பழியைக் கடந்து வரியை ஆராய்ந்ததால் அமைதி விரைவில் திரும்பியது. இரண்டாம் முறை அவ்வாராய்ச்சிக்கு முன்னரே 18 உயிர்கள் போயின.

ஆவணங்களை மொழிபெயர்ப்போர் இதிலிருந்து பெறும் பயன் ஒன்றுண்டு. குடிகளின் ‘தவறான புரிதல்’ பற்றிய குறிப்பை ஆவணத்தில் காணும்போது, அதே ஆண்டின் வரி அட்டவணையையும் அதனருகே வைத்துப் படித்தல் வேண்டும். எவருக்குச் சுமை குறைந்தது, எவருக்குக் கூடியது என்று அறிந்த பின்னரே எவர் எதனைப் புரிந்துகொள்ளவில்லை என்பதைத் துணிய இயலும். நேர்மையற்ற வரியை எத்துணைச் சிறந்த மொழிபெயர்ப்பும் நேர்மையாக்காது. அதனைத் தெளிவாகச் சொன்ன மொழிபெயர்ப்பாளரைக் குற்றவாளியாகக் கொள்வதும் அவ்வரியை நேர்மையாக்குவதில்லை.