மலைநாட்டுக் கூரையும் விறகும்

ஊவா மலைச்சாரலில் கோப்பி பயிரான நாளில், தமிழகத்தினின்று வந்த தொழிலாளரின் லயங்கள் பலவற்றிற்குப் புல்லே கூரையாயிருந்தது. அது மழைக்கு ஒழுகும், நெருப்புக்கு இரையாகும், அடிக்கடி வேய்தல் வேண்டும். ஆயினும் புல்லிடையே அடைபட்டு அசையாது நின்ற காற்று, உள்ளிருந்த வெம்மையை எளிதில் வெளியேற விடவில்லை.

1829ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஹென்றி பாமர் என்பார் நெளிதகட்டிற்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் அதற்குத் துத்தநாகப் பூச்சும் வந்து சேர்ந்தது. 1869இல் இலங்கையில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, அதனிடத்தைத் தேயிலை கொண்டது. தேயிலை மலைகளெங்கும் தகரக் கூரையும் பரவிற்று. தோட்ட நிருவாகத்திற்கு அது சிக்கனமான பொருள்: தீப்பற்றாது, பல்லாண்டு உழைக்கும். குளிருக்கு மட்டும் அப்பேரேட்டில் இடமில்லை.

பதுளை நகர் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் உள்ளது. அப்புத்தளையோ 1,400 மீற்றரையும் கடந்தது. அங்கே மேகமற்ற இரவில் தகடு தன் வெப்பத்தை வானத்திற்கு வீசிவிட்டு, சுற்றியுள்ள காற்றினும் குளிர்ந்துவிடும். காம்பராவில் உறங்குவோரின் மூச்சிலுள்ள ஈரம் அதன் அடியில் நீராய்த் திரண்டு, விடியலில் சொட்டும். கம்பளியும் அடுப்புமே துணை. அடுப்பின் வெம்மை கூரை வழியே போய்விட, புகை மட்டும் அறையில் தங்கிற்று. கொழுந்து நிறுத்த பின்னர்ப் பெண்கள் விறகுக்கட்டுச் சுமந்து நடந்த பாதைகளின் வரலாற்றில் ஒரு பங்கு இக்கூரையினுடையதே.

விறகு எரிந்து வெளிவிடும் கரியமில வாயுவை மீண்டும் வளரும் மரம் உட்கொள்ளும். மரம் வளராவிடின் அது வானிலேயே நிற்கும். தேயிலைத் தொழிற்சாலைகளும் கொழுந்தை உலர்த்தப் பெரிதும் விறகையே எரிப்பதால், இக்கணக்கு சிறியதன்று.

1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயரும் அவர்தம் குழுவினரும் பாலியூரித்தேனைக் கண்டனர். அதன் நுரை செய்வது புல்லின் பழைய வேலையே: நுண்ணறைகளில் வாயுவை அசையாது நிறுத்துவது. எஃகு அந்நுரையினும் ஆயிரம் மடங்கிற்கு மேல் வெப்பம் கடத்தும். ஆதலின் குளிர்நாடுகளில் அது வீட்டின் எரிபொருட் செலவை வெகுவாகக் குறைத்தது. ஆனால் நுரையை ஊதப் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன் வாயுக்கள் ஓசோன் படலத்தைக் கெடுத்தன. புவியை வெம்மையாக்குவதிலும் கரியமில வாயுவினும் பல்லாயிரம் மடங்கு கொடியவையாயிருந்தன. 1987இன் மொன்றியல் உடன்படிக்கைதான் அவற்றைப் படிப்படியாக விலக்கிற்று.

மலைநாட்டிற்கு இன்னொரு தடையும் உண்டு. அந்நுரை தீப்பற்றினால் நச்சுப்புகை கக்கும். அறைக்குள்ளேயே விறகடுப்பு எரியும் லயத்தில் மூடாத நுரையை வைப்பது ஆபத்து. அடுப்பைப் புகைபோக்கியோடு தனியறைக்கு மாற்றி, தகரத்தின் கீழே பலகைத் தட்டு அமைத்து இடையில் காற்றை அடைப்பது, நுரைக்கு ஈடாகாதெனினும், தச்சர் ஒருவராலேயே ஆகக்கூடியது.