படகைக் காக்கும் துத்தநாகத் துண்டு

1915ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'சீ கால்' என்னும் உல்லாசப் படகு ஒன்று கட்டி முடிக்கப்பட்டது. கடலின் அழைப்பு என்பது பெயரின் பொருள். நீளம் 200 அடிக்கும் மேல். உரிமையாளரான அலெக்சாண்டர் காக்ரன் பெரும் செல்வர். படகின் வெளித்தகடுகளுக்கு, அப்போது புதிதாக வந்திருந்த மோனல் என்னும் உலோகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிக்கலும், மீதி பெரும்பாலும் செம்பும் கலந்த கலவை. கடல்நீரில் எளிதில் துருப்பிடிக்காது. விலையோ மிக அதிகம். ஆனால் உள்ளே இருந்த சட்டங்கள் முதலிய பல பாகங்கள் சாதாரண எஃகினால் ஆனவை.

தண்ணீரில் இறங்கிய சில மாதங்களுக்குள் அந்தப் படகை உடைத்துப் போட வேண்டியதாயிற்று. மோனல் தகடுகளுக்கு ஒன்றும் நேரவில்லை. அவற்றைத் தொட்டுக்கொண்டிருந்த எஃகுதான் அரிக்கப்பட்டுப் போயிற்று.

இதில் மர்மம் ஏதுமில்லை. வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் நாங்கள் செய்து காட்டும் மின்கலம்தான் இது. துத்தநாகத் தகடு ஒன்றையும் செம்புத் தகடு ஒன்றையும் உப்புநீரில் நிறுத்திக் கம்பியால் இணைத்தால் மின்னோட்டம் பாய்கிறது; துத்தநாகம் கரைகிறது. இரு வேறு உலோகங்கள், அவற்றைச் சூழ்ந்து உப்புநீர், இரண்டுக்கும் இடையே ஓர் இணைப்பு. இம்மூன்றும் இருந்தால் போதும். 'சீ கால்' படகில் மூன்றும் இருந்தன. காக்ரன் பெரும் பொருள் செலவிட்டு வாங்கியது 200 அடி நீள மின்கலம் ஒன்றை!

அளவும் இங்கே முக்கியம். கரையாத உலோகத்தின் பரப்பு பெரிதாகவும், கரையும் உலோகத்தின் பரப்பு சிறிதாகவும் இருந்தால், பெரும்பரப்பு தூண்டும் மின்னோட்டம் முழுவதையும் அந்தச் சிறுபரப்பே ஈடுசெய்ய வேண்டும். எனவே அது வேகமாக அழியும். எஃகுத் தகட்டில் செம்பு ஆணி அடித்தால் ஓரளவு தாங்கும்; செம்புத் தகட்டில் எஃகு ஆணி அடித்தால் ஆணி நிலைக்காது.

இந்தப் பாடத்தைக் கடல் அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே ஒருமுறை கற்பித்திருந்தது. மரக்கப்பல்களின் அடியைக் கப்பல் புழுக்கள் துளைத்தன. பாசியும் கொட்டலசுகளும் ஒட்டி வேகத்தைக் குறைத்தன. இதைத் தடுக்க 1761இல் பிரிட்டிஷ் கடற்படை 'அலாரம்' என்னும் போர்க்கப்பலின் அடிப்பகுதிக்குச் செம்புத் தகடு போர்த்தியது. 1763இல் பார்த்தபோது செம்பு நன்றாகவே இருந்தது. இரும்பு ஆணிகள் உளுத்துப் போயிருந்தன. ஆனால் சில ஆணிகள் மட்டும் அவ்வளவாகக் கெடவில்லை. செம்புத் தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் அந்த ஆணிகளின் தலைக்கடியில் கிழியாமல் சிக்கியிருந்தது! வோல்ட்டா தம் மின்கல அடுக்கை உலகுக்கு அறிவித்தது 1800இல்தான். அதற்கு 37 ஆண்டுகளுக்கு முன்பே, மின்காப்பு என்றால் என்ன என்பதை ஒரு காகிதத் துண்டு காட்டிவிட்டது. காரணத்தைச் சொல்லத்தான் அன்று ஆள் இல்லை.

காரணம் அறிந்து அதையே மருந்தாக்கியவர் ஹம்ப்ரி டேவி. போர்த்திய செம்பும் கடல்நீரில் மெல்லக் கரைந்து வீணாகிறதே என்று கடற்படை அவரிடம் யோசனை கேட்டது. செம்பைவிட எளிதில் கரையும் துத்தநாகத்தையோ இரும்பையோ சிறு துண்டாக அதனுடன் இணைத்தால், அத்துண்டு கரைந்து செம்பைக் காக்கும் என்று 1824இல் டேவி காட்டினார். இம்முறை கையாளப்பட்ட கப்பல்களுள் முதன்மையானது 'சமராங்'. அது நம் கொச்சியில் கட்டப்பட்ட கப்பல் என்பது சுவையான செய்தி. அதன் முன்னும் பின்னும் வார்ப்பிரும்புத் துண்டுகள் பொருத்தப்பட்டன. செம்பு கரையவில்லை.

ஆனால் வேறொரு தொல்லை வந்தது. இவ்வாறு காக்கப்பட்ட கப்பல்களில் பாசியும் கொட்டலசும் முன்னைவிட அதிகமாக ஒட்டின. கரையும் செம்புதான் அவற்றுக்கு நஞ்சு. கரைவதை நிறுத்தியதும் நஞ்சும் நின்றது. டேவியின் துண்டுகளைக் கடற்படை கழற்றி எறிந்தது. 1829இல் டேவி இறந்தபோது அவருடைய முறை தோல்வி என்றே கருதப்பட்டது. என் கணிப்பில், அறிவியல் சரியாக இருந்தும் பயன் தவறிப் போனதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

இரும்புக் கப்பல்கள் வந்த பின் நிலை மாறியது. இரும்பு கரைவதால் யாருக்கும் நன்மை இல்லை. ஆகவே அதைக் காப்பதில் இழப்பும் இல்லை. இன்று புதிய மோட்டார் உல்லாசப் படகு ஒன்றை உரிமையாளரிடம் ஒப்படைக்குமுன் செய்யும் வேலைகளில் டேவியின் துண்டைப் பொருத்துவதும் ஒன்று. படகின் உடல் கண்ணாடி இழையால் ஆனதாக இருக்கலாம். ஆனாலும் நீருக்கடியில் வெண்கலச் சுழல்விசிறி, துருவுறா எஃகுத் தண்டு, சுக்கான், நீர் உள்ளிழுக்கும் குழாய்வாய் என்று பல உலோகங்கள் உள்ளன. இவற்றை உள்ளே செம்புக் கம்பியால் இணைத்து, அந்த இணைப்பைத் துத்தநாகத் துண்டுடன் சேர்க்கிறார்கள். கடலுக்குத் துத்தநாகம் அல்லது அலுமினியக் கலவை. நன்னீர் ஏரிக்கு மக்னீசியம்.

துத்தநாகம் தூயதாக இருக்க வேண்டும். இரும்பு சிறிதளவு கலந்திருந்தாலும் மேலே ஒரு படலம் படிந்து துண்டு வேலை செய்யாமல் நின்றுவிடும். துண்டின் மேல் வண்ணம் பூசவும் கூடாது. அழகுக்காகப் படகு முழுவதும் பூசுகிறவர் இதையும் சேர்த்துப் பூசிவிட்டால் எல்லாம் பாழ்.

படகுத்துறையில் இன்னொரு வேடிக்கை உண்டு. கரையிலிருந்து மின்சாரம் எடுக்கும் படகுகள் எல்லாம் நிலக்கம்பியால் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. பக்கத்துப் படகில் துத்தநாகம் தீர்ந்திருந்தால், நம்முடையது அதற்கும் சேர்த்துக் கரையும். நம் வீட்டில் சோறு தின்றுவிட்டு அடுத்த வீட்டைக் காவல் காக்கும் நாயைப் போல! நிலக்கம்பியை வெட்டிவிடலாமா என்றால், மின்கசிவு ஏற்படும்போது உயிருக்கே ஆபத்து. ஆகவே கம்பியின் நடுவே எதிரெதிர் திசையில் டையோடுகளை வைக்கிறார்கள். ஒரு வோல்ட்டுக்கு உட்பட்ட அரிப்பு மின்னழுத்தம் அவற்றைத் தாண்டாது. பழுது நேர்ந்து பெரிய மின்னோட்டம் வந்தால் தடையின்றிப் பாயும்.

ஓராண்டு கழித்துப் படகைக் கரையேற்றும்போது துத்தநாகத் துண்டு பாதி கரைந்திருந்தால், உரிமையாளர் வேறொன்றை வாங்கி மாட்டிவிட்டுப் போகலாம். வைத்தது வைத்தபடி பளபளப்பாக இருந்தால், எங்கோ இணைப்பு அறுந்திருக்கிறது. அப்போது சுழல்விசிறியை உற்றுப் பார்க்க வேண்டும்.